கைபேசிக் கோபுரம் இருந்தும் வெருகலில் இணையம் ஏன் மெதுவாக இருக்கிறது?

திருகோணமலை நகரில் பைபர் (கண்ணாடி இழை வடம்) இணைப்பு இருக்கும்போது, அதே மாவட்டத்தில் கோபுரம் தெரிகின்ற வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களில் பிள்ளைகள் ஏன் சிக்னல் தேடி அலைகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோபுரம் பாதி வேலையைத்தான் செய்கிறது. அதற்குப் பின்னால் தரவு கொழும்பு, மாத்தறைக் கரைகளில் ஏறும் கடலடி வடங்கள்வரை போய்வர வேண்டும். அந்த வழியில் பைபர் இல்லாமல் கோபுரத்துக்குக் கோபுரம் வானலையில் தரவு அனுப்பும் நுண்ணலை இணைப்பு மட்டும் இருந்தால் கொள்ளளவு குறைவு. இரவில் ஊரே அதைப் பங்கிட்டுக்கொள்கிறது.

பைபரில் பெருஞ்செலவு கண்ணாடி இழைக்கு அல்ல, மண் தோண்டுவதற்கும் நீரைக் கடப்பதற்கும்தான். மகாவலி கடலில் சேரும் பூமி இது. திருகோணமலைக்கு அருகிலுள்ள கிண்ணியாவுக்குப் பாலம் வந்ததே 2009இல்தான். வீடுகள் ஐதாக இருந்தால் நிறுவனங்கள் கணக்குப் பார்த்து ஒதுங்கிவிடுகின்றன. அங்கே அரசு பணம் போட்டே ஆக வேண்டும். வீதி போடும்போதே வெற்றுக் குழாயைப் புதைத்துவிட்டால், பிறகு தோண்டும் செலவு மிச்சமாகும்.

2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையச் சேவை, சுமார் 550 கிலோமீற்றர் என்ற தாழ்ந்த உயரத்துச் செய்மதிகளால் இயங்குவதால் தாமதம் குறைவு. ஆனால் கட்டணம் மீனவக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. பாடசாலைக்கு ஒன்று பொருத்தி வைபையில் பகிரலாம்.