இ01 இமேஜிலிருந்து வேண்டிய கோப்பை மட்டும் கமாண்ட் லைனில் எடுக்க முடியுமா?

டிஸ்க் இமேஜை ஆராயும் ஆட்டோப்சி மென்பொருளைத் திறந்தாலே உங்கள் பழைய லேப்டாப் மூச்சு வாங்குகிறது, இ01 இமேஜில் (ஒரு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வைத்த கோப்பு) இருக்கும் ஒரே ஒரு ஃபோல்டர் கிடைத்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். வழி இருக்கிறது. ஆட்டோப்சிக்கு உள்ளே வேலை பார்ப்பதே பிரையன் கேரியர் உருவாக்கிய ஸ்லூத் கிட் என்ற கமாண்ட் லைன் தொகுப்புதான். அதை நேரடியாக ஓட்டிவிடுங்கள். (மொபைலில் தமிழில் தட்டுகிறேன், கட்டளைகளை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன்.)

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், விண்டோஸ் ஏறாத ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். அச்சுக்கான டிசைன் எல்லாம் அதில்தான். இமேஜ் எடுத்து, ஸ்லூத் கிட்டில் கோப்புகளை மொத்தமாக மீட்கும் டிஎஸ்கே ரெகவரை ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் கோரல்டிரா கோப்புகள். பெருமையாக அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலைந்து பார்த்திருப்பார். "தம்பி, இதெல்லாம் சரியில்லைன்னு நாங்களே அழிச்சதுங்க. நல்ல டிசைனெல்லாம் எங்கீங்க?"

டிஎஸ்கே ரெகவர், நாம் எதுவும் சொல்லாவிட்டால், அழிக்கப்பட்ட கோப்புகளை மட்டுமே எடுக்கும். உயிரோடு இருப்பதைத் தொடாது. ஹைபன் ஏ போட்டால் இருப்பவை மட்டும், ஹைபன் ஈ போட்டால் எல்லாமே. மேனுவலில் தெளிவாகவே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

அதனால் இப்போதெல்லாம் மொத்தமாக அள்ளுவதில்லை. எம்எம்எல்எஸ் கட்டளையில் தொடங்குகிறேன். இ01, இ02 என்று துண்டு துண்டாக இருந்தாலும் முதல் துண்டின் பெயரைக் கொடுத்தால் போதும். பார்ட்டிஷன்கள் எந்த செக்டாரில் தொடங்குகின்றன என்று காட்டும். அந்த டிஸ்க்கில் 2048-ல் இருந்தது வெறும் 100 எம்பி சிஸ்டம் பகுதி. சி டிரைவ் 206848-ல் தொடங்கியது. ஸ்லூத் கிட்டுக்கு இந்த செக்டார் எண்ணையே ஹைபன் ஓ-வுக்குப் பின்னால் கொடுக்க வேண்டும். லினக்ஸில் மவுண்ட் செய்கிறவர்கள்தான் 512-ஆல் பெருக்கி பைட்டாகக் கொடுப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஃபைல் சிஸ்டமே இல்லை" என்று தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கோப்புகளைப் பட்டியலிடும் எஃப்எல்எஸ் கட்டளை, ஹைபன் ஆர், ஹைபன் பி. முழுப் பாதையோடு எல்லாக் கோப்பும் வரிசையாக வரும். அதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டுவைத்து கிரெப்பில் (சொல் தேடும் கட்டளை) தேடுங்கள். நட்சத்திரக் குறி இருந்தால் அழிக்கப்பட்டது. பெயருக்கு முன்னால் 4817-128-1 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும்: முதல் பகுதி என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) வைத்திருக்கும் கோப்புப் பட்டியலான எம்எஃப்டியில் உள்ள பதிவு எண், 128 என்பது கோப்பின் உள்ளடக்கம். அந்த எண்ணை, கோப்பின் உள்ளடக்கத்தை வெளியே தரும் ஐகேட் கட்டளையிடம் கொடுத்து, வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பினால் வேலை முடிந்தது.

விண்டோஸில் இந்தக் கடைசிப் படியைப் பழைய பவர்ஷெல்லில் மட்டும் செய்யாதீர்கள். வெளியீட்டை எழுத்து என்று நினைத்து யூடிஎஃப்-16 ஆக்கிவிடும், படமாக இருந்தால் திறக்கவே திறக்காது. பவர்ஷெல் 7.4-லிருந்து சரிசெய்துவிட்டார்கள். நான் சிஎம்டியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஃபோல்டராக வேண்டாம், "எல்லா பிடிஎஃப்பும் வேண்டும்" என்றால் பிளாசோ என்ற இன்னொரு ஃபாரன்சிக் தொகுப்பில் இருக்கும் இமேஜ் எக்ஸ்போர்ட் வசதியானது. ஹைபன் எக்ஸ் போட்டு எக்ஸ்டென்ஷனைச் சொன்னால் போதும். ஆனால் நிறுவுவது கொஞ்சம் வேலை.

விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது என்றால், எதையும் தொடும் முன் இ01 இமேஜைச் சரிபார்க்கும் ஈடபிள்யூஎஃப் வெரிஃபை ஓட்டி, இமேஜில் பதிந்திருக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரியான எண்) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-க்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-ன் மின்னணு ஆதாரச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையே எழுதச் சொல்கிறார்கள். இன்னொன்று, ஐகேட்டில் எடுத்த கோப்பு இன்றைய தேதியைத்தான் காட்டும். எஃப்எல்எஸ்ஸில் ஹைபன் எல் சேர்த்தால் பழைய தேதிகளும் வரும், அந்தப் பட்டியலையும் கூடவே கொடுத்துவிடுங்கள். கொலுசுக்காரர் தேதியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கா தம்பி இதை வரைஞ்சீங்க?" என்று கேட்டார்.