மீடியா கொயரி வேலை செய்யவில்லை என்று படிப்பை மாற்ற வேண்டாம்

ஃபிரன்ட் எண்ட் வேலை, அதாவது இணையப் பக்கத்தில் பயனர் பார்க்கும் பகுதியை உருவாக்கும் வேலை, உங்களுக்கு ஒத்துவராது என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள், தம்பி. மொபைலுக்காக மீடியா கொயரிக்குள் (திரைக்கு ஏற்ப ஸ்டைலை மாற்ற சிஎஸ்எஸ்ஸில் எழுதும் நிபந்தனை) எழுதிய ஸ்டைல் எதுவும் வேலை செய்யவில்லை, பிழைச்செய்தியும் வரவில்லை என்கிறீர்கள். பைத்தானில் இலக்கணப் பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லிவிடும். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழி அப்படி அல்ல. புரியாததை ஒதுக்கிவிட்டு மேலே போ என்பதுதான் பார்சருக்கு, அதாவது சிஎஸ்எஸ்ஸைப் படித்துப் பிரிக்கும் பிரௌசர் பகுதிக்கு, விதி. பழைய பிரௌசருக்குப் புதிய வசதி தெரியாவிட்டாலும் பக்கம் உடையக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த விதி அது.

நீங்கள் அனுப்பிய வரியில் 'ஸ்க்ரீன் அண்ட்' என்று எழுதி, இடைவெளி விடாமல் அடைப்புக்குறியைத் திறந்திருக்கிறீர்கள். இடைவெளி இருந்தால் 'அண்ட்' தனிச்சொல். ஒட்டிவிட்டால் பார்சர் அதை ஃபங்ஷன் பெயராக எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஃபங்ஷன் வரக்கூடாது. அதனால் கொயரி முழுவதும் 'நாட் ஆல்' ஆகிவிடும், அதாவது எந்தத் திரைக்கும் பொருந்தாது. உள்ளே எழுதிய விதிகளில் ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் அவை செயல்படாது.

சரி, அதே வரியில் காற்புள்ளி போட்டு 'பிரிண்ட்' என்று சேர்த்துப் பாருங்கள். தவறான பகுதி மட்டும் 'நாட் ஆல்' ஆகும், அச்சடிக்கும்போது விதிகள் வேலை செய்யும். செலக்டர் (எந்த உறுப்புக்கு இந்த ஸ்டைல் என்று சொல்லும் பகுதி) பட்டியலில் இது நேர்மாறு: ஒரு செலக்டர் தவறினாலே மொத்த விதியும் போய்விடும். இந்த வித்தியாசத்தைக் காரணத்தோடு விளக்கத் தெரிந்தவர் நேர்காணலில் தனியாகத் தெரிவார்.

ரொம்ப மோசமானது மூடாத அடைப்புக்குறி. பின்னால் வரும் காற்புள்ளி, நெளிவு அடைப்புக்குறி எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். பெரும்பாலும் கோப்பின் கடைசி வரைக்கும் போய்விடும். அதற்குக் கீழே உள்ள ஸ்டைல் மொத்தமும் காணாமல் போயிருந்தால் முதலில் இதைத்தான் தேடுங்கள்.

பிரௌசரின் கன்சோலில் (கட்டளை எழுதிப் பார்க்கும் பகுதி) அந்த மீடியா விதியின் 'மீடியா டெக்ஸ்ட்' மதிப்பைக் கேட்டால் உங்கள் வரிக்கு 'நாட் ஆல்' என்று காட்டும். அப்புறம், மீடியா கொயரி தரநிலையில் பிழை கையாளுதலுக்கு ஒரு தனிப் பகுதியே உண்டு. 2012-ல் டபிள்யூ3சி (இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு) பரிந்துரையான மூன்றாம் நிலையிலும் இருக்கிறது, நான்காம் நிலையிலும் இருக்கிறது. இன்னொரு கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் அதைப் படியுங்கள். வேண்டுமென்றே உடைத்த கொயரிகளை ஒரு பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன நடக்கும் என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு பிரௌசரில் சோதியுங்கள். அந்தப் பக்கத்தை உங்கள் போர்ட்ஃபோலியோவில் முதலாவதாக வையுங்கள்.