பார்க்க ஒன்றுமில்லாத ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சென்ற மே மாதம் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்குக் காரில் போனோம். வழியில் போக்ரானில் இரண்டு மணி நேரம் வீணாகிவிட்டது. ஒரு சின்னக் கோட்டை, மண்பானைக் கடைகள், சம்சம் என்று ஓர் இனிப்பு, அவ்வளவுதான். கலாம் அணுகுண்டு சோதனை நடத்திய இடத்தையும் டிரைவர் காட்டவில்லை. ஊரைத் தாண்டியதும் ஒரு கொட்டகை முன்னால் நிறுத்தினார். ஒரு பாட்டி பானைத் தண்ணீர் கொடுத்தார். என் மகள் கையை நீட்டிவிட்டாள், நல்லவேளையாக இழுத்துவிட்டோம், எங்களிடம் பாட்டில் இருந்தது. இப்போது பயணக் கட்டுரை எழுதுகிறேன். பார்க்க ஒன்றுமில்லாத ஊரைப் பற்றி எப்படி எழுதுவது? விட்டுவிடலாமா?

ச., கோவை

அன்புள்ள ச.,

கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. அன்றே எழுதியிருந்தால் முழுக்கக் கோபமாக எழுதியிருப்பேன், இப்போது பாதிதான் மிச்சம். எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் போகிறவர் வருகிறவருக்காக வருஷக்கணக்காக ஒரு பானை இருந்தது, இந்தக் கோடையில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்த நாட்களில்தான் உங்கள் கடிதம் வந்தது.

அணுகுண்டை முதலில் முடித்துவிடுவோம். 1974 மே 18இலும் 1998 மே 11, 13 தேதிகளிலும் சோதனை நடந்தது ஊருக்குள் அல்ல, ராணுவத்தின் பயிற்சி நிலத்தில். அங்கே உங்களையும் விடமாட்டார்கள், என்னையும் விடமாட்டார்கள், டிரைவரைத் திட்டாதீர்கள். கோட்டை சின்னதுதான். சம்சம் பிடிக்கவில்லை என்றால் போகட்டும்.

ஆனால் அந்தக் கொட்டகை. அதற்கு அங்கே ப்யாவ் என்று பெயர். நம் தண்ணீர்ப் பந்தல்தான். திங்களூரில் அப்பூதியடிகள் அப்பரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரில் பந்தல் வைத்தாரே, அதே மாதிரி இறந்துபோன அப்பா அம்மா பெயரில் அங்கே வைக்கிறார்கள். பானைகளை ஈர மணலில் பதித்திருப்பார்கள். ராம்ஜாரா என்ற நீண்ட மூக்குள்ள செம்பிலிருந்து உயரமாக ஊற்றுவார்கள், நாம் குனிந்து கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். அந்த நீண்ட மூக்கில் சாதியும் இருந்தது, யார் கைக்கு எவ்வளவு தூரத்திலிருந்து ஊற்றுவது என்ற கணக்கு இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆனாலும் தண்ணீர் இருந்தது. வருஷத்துக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற ஊர் அது, சென்னையில் 1400 வரை பெய்கிறது. போக்ரானுக்குப் பக்கத்துப் பலோடியில் 2016 மே மாதம் வெயில் 51 டிகிரியைத் தொட்டது. அந்த மே மாதத்தில், அந்த ரோட்டில், முன்பின் தெரியாத உங்களுக்காக ஒரு பாட்டி காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் 'ஒன்றுமில்லை' என்று எழுதுகிறீர்கள்.

குழந்தையின் வயிறு முக்கியம், சரி. குடிக்கவிடாதது தப்பே இல்லை. ஒரு கும்பிடு போட்டு 'தண்ணீர் இருக்கிறது அம்மா' என்று சைகையில் சொல்லியிருக்கலாம். இழுத்துவிட்டோம் என்கிறீர்களே, அதுவும் நல்லவேளையாக என்று. அந்த வார்த்தைதான் ஒரு வாரமாக என்னைக் குடைகிறது.

2011இல், போக்ரானுக்குப் பக்கத்து ஊரான ராம்தேவ்ராவிலிருந்து பலோடிக்குப் போகிற பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. ரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் வெள்ளையடித்த குட்டையான ஒரு கும்மட்டம் தெரிந்தது. யாருடைய சமாதியோ என்று நினைத்து, நிழலில் உட்காரலாமே என்று செருப்புக்காலோடு போனேன். எங்கிருந்தோ ஒரு அம்மாள் கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவர் திட்டியதில் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கால் மட்டும் நின்றுவிட்டது. பின்னாலேயே வந்த கண்டக்டர்தான் விளக்கினார். அது டாங்க்கா, நிலத்தடித் தொட்டி. சுற்றிலும் வட்டமாக இறுகிக் கிடந்த மண்சரிவுக்கு ஆகோர் என்று பெயர், அங்கே விழுகிற மழை முழுக்க நடுவிலிருக்கிற துளைகள் வழியாகத் தொட்டிக்குள் இறங்குகிறது. ஆட்டைக்கூட விடமாட்டார்கள், செருப்போடு யாரும் ஏறமாட்டார்கள். அந்த வீட்டின் ஒரு வருஷத்துக் குடிதண்ணீர்மேல் நான் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

1998இல் சோதனை நடந்தபோது பக்கத்துக் கேதோலாய் கிராமத்தில் வீட்டுச் சுவர்களோடு தண்ணீர்த் தொட்டிகளிலும் விரிசல் விட்டது. சுவரைப் பூசிக்கொள்ளலாம். மே மாதத்தில், மழைக்கு இன்னும் நாள் இருக்கும்போது, தொட்டி விரிந்தால் என்ன செய்வது? குண்டு வெடித்த இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன், மண் கொதித்தது. அந்த அம்மாள் நான் கரை இறங்குகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கும்மட்டத்தின் மூடியைத் திறந்து வாளியை இறக்கினார். திட்டிய அதே வாயால் 'பேட்டா', மகனே என்று கூப்பிட்டு ஊற்றினார். மண்வாசனையோடு அவ்வளவு குளிர்ச்சி. என் விரலிடுக்கில் வழிந்தது வீணாகக்கூடாது என்று, ஒரு சின்னக் கேஜ்ரி மரக்கன்றுக்குப் பக்கத்தில், நம்ம வன்னிதான் அது, என்னை நகர்ந்து நிற்கச் சொன்னார்.

உங்கள் கேள்வி எங்கேயோ போய்விட்டது. கட்டுரையில் போக்ரானை விடாதீர்கள். அந்தப் பானைக் கடைகளுக்கு ஒரு பத்தி கொடுங்கள், போக்ரான் மண்பாண்டத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பாட்டி வைத்திருந்த பானையும் பெரும்பாலும் அங்கே வனைந்ததாகத்தான் இருக்கும். பானைகள் எத்தனை, மேலே என்ன மூடியிருந்தது, பாட்டியின் கை எப்படி இருந்தது என்று எழுதுங்கள். உங்களுக்கு நினைவிருக்காது. மகளிடம் கேளுங்கள், கையை நீட்டியவள் அவள்தானே. அவள் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.