நாலு மணிக்கு எழுகிற வீட்டில் இரவு விழிக்கும் பிள்ளை

"மாமியார் விடியற்காலை 4 மணிக்கே எழுந்துவிடுகிறார், பத்தாவது படிக்கும் மகளோ 12 மணிக்கு முன்னால் படுப்பதில்லை, இரண்டு பேருக்கும் தினமும் சண்டை, நான் யாரை மாற்றுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரையும் மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். என் வீடும் அப்படிப்பட்ட வீடுதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நான் தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் வேலை, பெரும்பாலும் இரவு செட். அவர் வீட்டில் இருக்கும் நாளிலும் எங்கள் கூடத்தில் 12 மணி வரை விளக்கு எரியும். 2004-ல் கல்யாணமாகி, பாபநாசத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டித் தண்ணீர் பாயும் ஒரு கிராமத்துக்கு வந்தேன். இங்கே ஒன்பது மணிக்கு வீடே அடங்கிவிடும். அத்தை 4 மணிக்கு எழுந்து வாசல் தெளிப்பார், ஐந்துக்கெல்லாம் மாமா வரப்பில் நிற்பார். எனக்கு ஒன்பது மணிக்குப் படுத்தால் தூக்கம் வராது. ஆறு மணிக்கு நான் எழுந்து வரும்போது பால் கறந்து, கோலம் போட்டு, ஒரு சுற்று காபியும் முடிந்திருக்கும். யாரும் திட்டியதில்லை. "விடிஞ்சிருச்சாம்மா?" என்று அத்தை கேட்பார், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியிலேயே அன்றைக்கு முழுக்க மனசு சுருங்கிப் போகும்.

வழி பிறந்தது முதல் மார்கழியில். வாசலை அடைத்துப் பெரிய கோலம் போட வேண்டும், நாலு மணிப் பனியில் எனக்குப் புள்ளியே நேராக விழவில்லை. ஒருநாள் இரவு சாப்பாடு முடிந்ததும் நானே வாசலைக் கூட்டித் தெளித்து, பத்தரை மணிக்கு உட்கார்ந்து பெரிய புள்ளிக் கோலம் ஒன்றை இழுத்து முடித்துவிட்டேன். காலையில் அத்தை அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சாணி உருண்டை பிடித்து, பறங்கிப்பூவைச் செருகி, கோலத்தின் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த மாதம் முழுக்க அப்படியே நடந்தது, கோலம் என்னுடையது, பூ அவருடையது. அப்புறம் மற்ற வேலைகளும் அதே மாதிரி பிரிந்துகொண்டன. கடலை ஊறப்போடுவது, மறுநாளுக்குக் காய் நறுக்கி வைப்பது, படுக்கப் போகும்போது ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றி வைப்பது எல்லாம் என் பக்கம். நாலு மணிக்கு அத்தை பால் காய்ச்சினால் போதும், டிக்காக்ஷன் இறங்கித் தயாராக இருக்கும். கிரைண்டர் மட்டும் எட்டு மணிக்கு மேல் ஓடக்கூடாது, அது அவர் சொன்னது, நியாயமும்கூட.

எனக்குக் கிடைத்த இந்த இடம் என் பிள்ளைக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. ப்ளஸ் டூ வந்ததும் "விடியக்காலம் படிச்சாத்தான் மண்டையில ஏறும், கண்ணு" என்று அவன் அப்பாயி தினமும் நாலு மணிக்கு எழுப்பினார். பாசம்தான், சந்தேகமே இல்லை. ஒருநாள் நாலரைக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். மேஜை மேல் தலை சாய்த்துத் தூங்குகிறான். நோட்டில் ஒரு வேதிச் சமன்பாட்டின் பாதியில் பேனா சறுக்கி, கோடு பக்கத்தின் அடிவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பருவ வயதில், தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் சுரக்கும் நேரமே தள்ளிப்போகிறது. இருபது வயதையொட்டி இது உச்சத்துக்குப் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வரும். வயதானவர்கள் கோழி கூவுமுன் எழுவதும் உடம்புக்குள் ஓடும் இதே கடிகாரத்தால்தான். அதில் ஒரு பங்கு பிறவியிலேயே வருவது. இந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களைப் பழ ஈக்களில் ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன், அவர் அசையவே இல்லை. "பொழுது விடிஞ்சும் தூங்குனா மூதேவி தங்கும்" என்றார்.

அவரை மாற்றியது பெரிய மாமாவின் கதை. அதையும் அவரே சொன்னதுதான். மேட்டூரில் தண்ணீர் குறைந்து முறை வைத்து விடும் காலங்களில், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் நிலத்துக்கு முறை நடுராத்திரியில்தான் வருமாம். கண் அசந்தால் மேல்மடைக்காரர் அடைத்துவிடுவார். மாமாவால் பத்து மணிக்கு மேல் விழித்திருக்க முடியாது. அவருடைய அண்ணன்தான் டார்ச்சும் மண்வெட்டியுமாக விடிய விடிய மடையில் நிற்பார், பகலில் பத்து மணி வரை தூங்குவார். "எங்க மூத்தாரு முழிச்சிருந்துதான் இந்த வீட்டுச் சம்பா வெளைஞ்சுச்சு" என்று அத்தை பெருமையாகச் சொல்வார். அன்றைக்கு அவர் அதைச் சொன்னபோது நான் கேட்டேன், "அவரை யாராவது மூதேவின்னு சொன்னாங்களா அத்தை?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் பிள்ளையை எழுப்பவில்லை.

தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களில் 33 பேரின் தூக்கத்தை 20 நாள் அளந்து 2017-ல் வெளியிட்டார்கள். அத்தனை நாளிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்கியது மொத்தம் 18 நிமிடம்தான். காவல் போட்டு யாரையும் நிறுத்தவில்லை, வயசும் உடம்பும் மாறி மாறி விழிக்க வைத்திருக்கின்றன. அதைப் படித்தபோது எனக்குப் பெரிய மாமாதான் ஞாபகம் வந்தார்.

ஆனால் ஒன்று, போனைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளும். எங்கள் வீட்டில் பத்து மணிக்குப் போன் கூடத்து அலமாரிக்குப் போய்விடும், அவன் பதினொன்று வரை புத்தகத்தோடு இருப்பான், ஆறரைக்கு எழுந்து முதல் வேலையாக மொட்டை மாடி வெயிலில் கால் மணி நேரம் நிற்பான். காலை வெளிச்சம் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் இழுக்கும். உங்கள் மகள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், பள்ளி நாளில் அது குறையத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடத் தூங்கினால் விட்டுவிடுங்கள். மாமியார் முணுமுணுத்தால், உங்கள் வீட்டில் ராத்திரித் தண்ணீர் கட்டியது யார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.