திரைக்குள் ஒரு செல்லப்பிராணி: சிங்கப்பூர் வாங்குவோர் கேள்வி-பதில்

கே: பழைய தமகோச்சி (திரைக்குள் செல்லப்பிராணி வளர்க்கும் கையடக்கப் பொம்மை) ஒன்று வாங்கினேன். திரையில் ஒன்றுமே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா? (அங் மோ கியோ)

ப: முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

கே: என் 9 வயது மகள் கைப்பேசியில் பூனைக்குட்டி வளர்க்கிறாள். விளையாட்டு இலவசம்தான். இந்த மாதக் கடன் அட்டைக் கணக்கிலோ 240 வெள்ளி! (தெம்பனிஸ்)

ப: இன்றே உங்கள் ஆப்பிள் அல்லது கூகல் கணக்கில் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பிள்ளை உங்களைக் கேட்காமல் வாங்கினாள் என்று எழுதுங்கள். தள்ளிப்போட்டால் கிடைப்பது கஷ்டம். அப்புறம், வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.

மகளைத் திட்டாதீர்கள். 1996இல் பண்டாய் ஜப்பானில் வெளியிட்ட தமகோச்சியும் பசித்தால் சத்தம் போடும். பொத்தானை அழுத்தினால் சாப்பாடு கிடைக்கும், அதற்குத் தனிக் காசு கிடையாது. இன்று குட்டி கண்ணீரோடு வெறும் தட்டைக் காட்டுகிறது, பக்கத்திலேயே விளையாட்டுப் பணமான வைரக்கல்லை நிஜக் காசுக்கு விற்கும் கடை. 20 வெள்ளி என்று போட்டால் பிள்ளைக்கே கை தயங்கும். 1,200 வைரக்கல் என்றால் அது எவ்வளவு என்று பெரியவர்களுக்கே புரியாது. விலையை வெள்ளியில் காட்டாமல் மறைப்பதும், பிள்ளையின் இரக்கத்தைக் காசாக்குவதும் வியாபாரமே இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

கே: வீட்டில் ஒரே நிண்டெண்டோ சுவிட்ச் விளையாட்டுக் கருவி. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தீவு வேண்டுமே என்று தீவில் வீடு கட்டி வாழும் ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ விளையாட்டு இரண்டு வாங்கினேன். இரண்டாவது தீவு வரவே இல்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். (பொங்கோல்)

ப: ஏன் எடுப்பார்? பொருளில் குறையே இல்லையே. ஒரு சுவிட்சுக்கு ஒரு தீவுதான். எத்தனை பேர் விளையாடினாலும் அதே தீவில்தான் வீடு கட்ட வேண்டும். 2020இல் வெளிவந்ததிலிருந்தே இப்படித்தான். காசைக் கொடுக்குமுன் கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டாவதை விற்றுவிடுங்கள்.

கே: ரோபோ நாய் வாங்கி மூன்றாம் மாதமே நின்றுவிட்டது. உத்தரவாதம் ஒரு மாதம்தான் என்கிறது கடை. (ஜூரோங் வெஸ்ட்)

ப: விடாதீர்கள். 2012 செப்டம்பரிலிருந்து நமக்கு லெமன் சட்டம் இருக்கிறது, குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் சட்டம் அது. 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேளுங்கள். நான் வாங்கிய ரோபோ பூனை இரண்டாம் மாதமே பின்னங்காலை இழுத்தது. கடைக்காரர் கையை விரித்தார். சட்டத்தைச் சொன்ன பிறகுதான் புதியது வந்தது. மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள். அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை.

கே: பேரனுக்காக ஒரு தமகோச்சிக்கு முன்பதிவு என்று 85 வெள்ளியை பேநவ் (வங்கிக் கணக்கிலிருந்து உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி) மூலம் அனுப்பினேன். விற்றவர் கணக்கையே மூடிவிட்டார். மகனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (உட்லண்ட்ஸ்)

ப: அம்மா, வெட்கப்பட வேண்டியவர் அந்த ஆள். உடனே வங்கியை அழையுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள். குழப்பமாக இருந்தால் மோசடி உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள். உரையாடலையும் பணம் அனுப்பிய பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள். மகனையும் கூட அழைத்துப் போங்கள்.