மூடப்பட்ட உருக்காலையின் வரலாற்றையும் அங்கு வேலை செய்தவர்களின் நினைவுகளையும் எப்படிப் பாதுகாப்பது?

எங்கள் ஊரில் உருக்காலை இருக்கவில்லை. திருகோணமலையில் இருந்தது பிரித்தானியக் கடற்படையின் டொக்யார்ட், அதாவது கப்பல் பழுதுபார்க்கும் தளம். 1957 ஒக்டோபரில் அது இலங்கையிடம் கையளிக்கப்படும் வரை, அதன் பட்டறைகளில் ஊரவர் பலர் இரும்போடு மாரடித்தார்கள். என் பெரியப்பா அங்கே றிவெட் (இரும்புத் தகடுகளைப் பிணைக்கும் தறையாணி) அடிப்பவராக இருந்தார். அவருடைய நினைவுகளைப் பதிவு செய்தபோது நான் கற்றுக்கொண்டது உருக்காலைக்கும் பொருந்தும் என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

2009இல் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர் முன்னால் உட்கார்ந்து, "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்தது தம்பி, சம்பளம் நேரத்துக்கு வந்தது" என்றார். மூன்று மாலைகள் கேட்டும் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள், பக்கத்துக் கராஜில் ஒரு சுத்தியலை இரவல் வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். அதைச் சற்று நேரம் உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தவர், எழுந்து வாசல் படலையடிக்குப் போய், பழைய இரும்புப் படலையில் இருந்த றிவெட் ஒன்றின் ஒரு பக்கத்தில் இடக்கை விரலை வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் மெதுவாகத் தட்டினார். "ஆடுற றிவெட் காதுக்கு முதல் விரலுக்குத் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் அவர் நிறுத்தவேயில்லை: சின்ன உலையில் றிவெட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சும் பையன், அதைக் குறட்டால் எடுத்துத் துளையில் செருகுபவர், பின்னால் கனத்த இரும்பை முட்டுக் கொடுத்துத் தாங்குபவர், முன்னால் மாறி மாறி அடிக்கும் இருவர், ஆறும்போது றிவெட் சுருங்கி இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று இறுக்கிவிடும் விதம். அந்தச் சத்தத்தில்தான் அவருடைய காதுகள் மந்தமாகிப்போயின என்பதையும் அன்றுதான் எங்கள் வீட்டார் விளங்கிக்கொண்டோம்.

ஆகவே என் முதல் ஆலோசனை, வாழ்க்கையைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள் என்பதே. உருக்கு பதத்துக்கு வந்துவிட்டது என்பதை எதைக் கொண்டு அறிந்தார்கள், நீலக் கண்ணாடி வழியாக உலையைப் பார்த்தபோது எந்த நிறத்துக்காகக் காத்திருந்தார்கள், பேச்சே கேட்காத இரைச்சலில் கிரேன் ஓட்டுநருக்கு என்ன கைச்சைகை காட்டினார்கள், புதிதாக வந்தவனுக்கு முதலில் எந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று கேட்டால், துக்கமும் பெருமையும் கோபமும் தாமாகவே பின்னால் வரும். இயலுமானால் அவர்களை அந்த இடத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். இயலாவிட்டால் ஒரு கருவியையோ பழைய படத்தையோ கொண்டு போங்கள். மனைவிமாரிடமும் தனியாகக் கேளுங்கள். இரவு முறை வேலையில் வீடு எப்படி நடந்தது என்பதும், எந்தக் கறை எதனால் போகும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டடத்தைக் காப்பாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜேர்மனியின் ஃபோல்க்லிங்கன் இரும்பாலை 1986இல் உற்பத்தியை நிறுத்தி, 1994இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது; அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன, பெரும்பாலும் காட்டுக்குள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாளைப் பற்றியும், 2022 ஜனவரியில் அந்தத் தாங்கிகள் பற்றிச் செய்யப்பட்ட உடன்படிக்கையைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தாங்கிகளின் எண்ணிக்கை எல்லோருக்கும் தெரிகிறது. அவற்றில் வேலை செய்தவர்களின் பெயர்களைத் தேடினால் ஒரு பக்கம்கூட என் கையில் அகப்படவில்லை. இரும்பு நிற்கும், ஆனால் தன்னைத் தொட்டவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

காகிதங்களுக்கும் அவசரம் காட்டுங்கள். சம்பளத் துண்டு, வாசல் அனுமதி அட்டை, தொழிற்சங்கச் சந்தாப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை வீட்டார் குப்பை என்றே நினைப்பார்கள். ஓர் அலுவலகத்தில் பழைய வரவுப் பதிவேடுகளைப் பார்க்கப் போனபோது, முந்தைய மாதம்தான் அவற்றைப் பழைய கடதாசியாக நிறுத்து விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. எங்கள் வீட்டுப் படங்களும் 1990இல் இடம்பெயர்ந்தபோது போய்விட்டன. பெரியப்பா டொக்யார்டில் நின்று எடுத்த படம் ஒன்றுமட்டும், அவருடைய நண்பர் வீட்டில் இன்னொரு பிரதி இருந்ததால் மிஞ்சியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அழிந்தன. எனவே எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். குறைந்தது மூன்று பிரதிகள், அதில் ஒன்றாவது வேறு ஊரில். இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருந்தால், சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அங்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

எழுத்தாக்கும்போது அவர்களுடைய சொற்களைத் திருத்தாதீர்கள். பெரியப்பா "றிவெட்" என்றார், "போமன்" என்றார். அதைத் தறையாணி என்றும் மேற்பார்வையாளர் என்றும் மாற்றினால் பட்டறையிலிருந்து அவரை வெளியே அனுப்பியதாகிவிடும். எழுதி முடித்தாயிற்று என்பதற்காக ஒலிப்பதிவை அழித்துவிடவும் வேண்டாம். அந்த நான்காம் நாள் பதிவில் படலையை அவர் இரண்டு இடங்களில் தட்டும் சத்தம் கேட்கிறது. ஒன்று இறுகிய றிவெட், மற்றது ஆடுகிற றிவெட். அந்த வித்தியாசத்தை எழுத்தில் கொண்டுவரப் பலமுறை முயன்றேன், முடியவில்லை.