சென்னையில் வெளிநாட்டு உணவையும் கலாசாரத்தையும் அதிகச் செலவில்லாமல் தெரிந்துகொள்ள எங்கே போகலாம்?

பாரிஸ் கார்னருக்குப் போங்கள். மால்களையும் ஏசி ஹோட்டல்களையும் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் வியாசர்பாடிக்காரன், வடக்கே தள்ளித்தான் கைகாட்டுவேன்.

முதலில் ஒரு அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் சம்பள உயர்வு வந்த சந்தோஷத்தில், நகரத்தின் மறுபக்கம் இருந்த ஒரு ஹோட்டலுக்கு நண்பனை அழைத்துப் போனேன். மெனுவில் 'பர்மிய நூடுல்ஸ் சாலட்' என்று பார்த்து ஆசையாக வாங்கினேன். குட்டிக் கிண்ணம், பெரிய பில். நண்பன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தான். "டேய், இது அத்தோடா. எங்க ஆயா வீட்டுலயே பிசைவாங்க. இதுக்கா ஆட்டோ புடிச்சு வந்தோம்?" என்றான். அவன் ஆயா ரங்கூனில் பிறந்தவர். இருபது வருடமாக அவன் வீட்டில் சாப்பிட்டும் எனக்கு அது 'வெளிநாட்டு உணவு' என்று உறைக்கவே இல்லை.

பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பர்மா பஜார். அதை ஒட்டிய செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலம் போனால் அத்தோ கடைகளைப் பார்க்கலாம். உட்கார இடம் தேடாதீர்கள், நின்றுதான் சாப்பிட வேண்டும். கடைக்காரர் ஒரு பெரிய கிண்ணத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸை அள்ளிப் போட்டு, பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்ப் பொடி, வறுத்த பூண்டு, அந்தப் பூண்டு பொரிந்த எண்ணெய் எல்லாம் விட்டுக் கையாலேயே பிசைவார். கடைசியில் மொறுமொறுவென்று ஒரு தட்டையை நொறுக்கித் தூவுவார். அதுதான் பேஜோ. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு போட்ட சூடான சூப் வரும். காரம் தலைக்கேறும்போது அதில் ஒரு வாய். முதல்முறை போகிறவர்கள் "காரம் கம்மியா" என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லவில்லை.

பர்மிய மொழியில் 'அத்தோ' என்றால் பிசைந்தது என்று பொருள். 'பே' பயறு, 'ஜோ' பொரித்தது. ஆனால் இங்கே முட்டை பேஜோ என்றும் ஒன்று விற்கிறார்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்து, புளித்தண்ணீர் விட்டு அப்படியே வாயில் போட வேண்டும். அதில் பயறே கிடையாது! பெயர் எப்படி ஒட்டியதோ, ருசி பார்த்தபின் யாரும் கேட்பதில்லை.

சரி, பர்மா சாப்பாடு இங்கே எப்படி வந்தது? 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள்தான், அவர்களில் தமிழர்கள் ஏராளம். 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்தடுத்து கடைகளை அரசுடைமையாக்கினார்கள். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வாழ்ந்த குடும்பங்கள் கப்பலேறின. நண்பனின் ஆயாவுக்கு அப்போது வயது 19. நகைகளை அங்கேயே கழற்ற வேண்டியிருந்ததாம். ஒரு டிரங்குப் பெட்டியும், தனக்கா அரைக்கும் வட்டக் கல்லும்தான் கொண்டுவந்தார். தனக்கா என்பது மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசிக்கொள்ளும் குழம்பு, பர்மியப் பெண்களின் பவுடர். பட்டை இங்கே கிடைக்காததால் அந்தக் கல்லில் ரொம்ப காலம் சந்தனம் அரைத்தார்கள். அப்படி வந்தவர்கள் பிழைக்கத்தான் 1969இல் பர்மா பஜார் கடைகள் வந்தன. கப்பல் வந்து நின்ற துறைமுகம் சாலைக்கு எதிர்ப்புறம்தான் இருக்கிறது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

அதே பாரிஸில் அரண்மனைக்காரத் தெரு இருக்கிறது. பெயரைக் கேட்டு ராஜாவைத் தேட வேண்டாம், ஆர்மேனியன் என்பது நம் வாயில் அரண்மனை ஆனது என்கிறார்கள். அங்கே 1772இல் கட்டிய ஆர்மேனிய தேவாலயம் உண்டு, காலையிலேயே போய்விடுங்கள். தரையில் பதித்த கல்லறைக் கற்களில் ஆர்மேனிய எழுத்தைப் பார்க்கலாம். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான அஸ்தராரை 1794இல் இந்த ஊரில் அச்சிட்ட பாதிரியாரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். சாப்பாடு மட்டும் எதுவும் மிஞ்சவில்லை.

பெரம்பூரில் ரயில்வே வேலையோடு வந்து தங்கிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே யாராவது 'பால் கறி' சாப்பிட அழைத்தால் யோசிக்காமல் போங்கள். நான் பால் ஊற்றிய கறி என்று நினைத்துத் தயங்கினேன். கொத்துக்கறியைப் பந்து மாதிரி உருட்டிப் போட்ட குழம்பு அது. மஞ்சள் நிறத் தேங்காய்ச் சோற்றோடு தருவார்கள். இதற்குக் கடை தேடுவதைவிட நண்பர் தேடுவது சுலபம்.

திரும்பவும் அத்தோவுக்கு வருகிறேன். ஆயாவுக்கு ஒருமுறை செகண்ட் லைன் பீச்சிலிருந்து பார்சல் வாங்கிப் போனேன். "இது நம்ம ஊரு அத்தோ. அந்த ஊரு அத்தோவுல மீன் வாசன தூக்கலா இருக்கும்" என்றார். அங்கே காய்ந்த இறால் பொடியும் நப்பி என்ற மீன் விழுதும் சேர்ப்பார்களாம். கடைகளில் இதையெல்லாம் விட்டுவிட்டது சைவக்காரர்களும் வரட்டும் என்றுதான் இருக்கும், இது என் ஊகம். ஆயா உள்ளே போய் ஒரு டப்பா எடுத்துவந்தார். காசிமேட்டுச் சென்னாக்குன்னியை, அதாவது காய்ந்த பொடி இறாலை, வறுத்துப் பொடித்து வைத்திருக்கிறார். இரண்டு ஸ்பூன் தூவிப் பிசைந்து கொடுத்தார். அதன் பிறகு வெறும் அத்தோ எனக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

நீங்களும் அந்தப் பொடியைச் சிறிய டப்பாவில் எடுத்துப் போகலாம், கடைக்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இரண்டு பேருக்கு 300 ரூபாய் இருந்தால் தாராளம். பார்சல் வாங்கினால் பேஜோவைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். கலந்து கட்டினால் ராயபுரம் பாலம் ஏறுவதற்குள் நமத்துவிடும்.